வாரம் 40 மணி நேரமா, நாளுக்கு அரை மணி நேரமா?

ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளைப் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றில் அதிகக் குடும்பங்களின் போக்கை மாற்றியது வெறும் 19 குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஒரு கட்டுரை. 1987இல் அமெரிக்க உளவியல் இதழ் ஒன்றில் வந்தது. எழுதியவர், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த ஓலே ஐவர் லோவாஸ். ஒரு குழந்தைக்கு ஒரு பயிற்சியாளர் என்ற கணக்கில், வாரத்துக்கு 40 மணி நேரம், இரண்டு ஆண்டுக்கு மேல் பயிற்சி கொடுத்தார்கள். 19 பேரில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பைத் தேறினார்கள், ஐ.க்யூ.விலும் சராசரியைத் தொட்டார்கள் என்றது கட்டுரை. நூற்றுக்கு 47.

23 ஆண்டுகள் கழித்து, 2010இல், லான்செட் மருத்துவ இதழில் இன்னொரு கட்டுரை வந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழந்தை மனநல மருத்துவர் ஜொனதன் கிரீனும் அவருடைய குழுவினரும் எழுதியது. 152 குழந்தைகள். இங்கே பயிற்சி குழந்தைக்கு இல்லை, பெற்றோருக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிகிச்சையாளரோடு ஓர் அமர்வு, வீட்டில் நாளுக்கு அரை மணி நேரம், அவ்வளவுதான். ஆட்டிசத்தின் அறிகுறிகளைக் குறைப்பதற்காக இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்க முடியவில்லை என்று கடைசியில் ஆய்வாளர்களே எழுதினார்கள்.

முதல் கட்டுரையின் 40 மணி நேரக் கணக்கு இன்று உலகம் முழுக்கத் தெரபி சென்டர்களில் புழங்குகிறது. இரண்டாவதை நம் ஊரில் துறைக்கு வெளியே கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், தோற்றேன் என்று அறிவித்த ஆய்வே நமக்கு அதிகம் உதவும் என்று தெரிகிறது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

லோவாஸுக்குக் கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடலாம். 1927இல் நார்வேயில் பிறந்தவர். அவர் வேலையைத் தொடங்கிய 1960களில் ஆட்டிசம் உள்ள குழந்தையால் கற்க முடியாது என்பதே பொது நம்பிக்கை. டாக்டர்கள் பெற்றோருக்குச் சொன்ன யோசனை, குழந்தையை அரசு மனநல விடுதியில் சேர்த்துவிட்டு இன்னொரு குழந்தையைப் பற்றி யோசியுங்கள் என்பதாக இருந்தது. அதோடு பழி வேறு. தாயின் பாசமின்மைதான் குழந்தையை இப்படி ஆக்கியது என்று சிகாகோவில் இருந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967இல் ஒரு புத்தகமே எழுதினார், அது பரவலாகப் படிக்கவும் பட்டது. அந்தச் சூழலில், காரணம் எதுவாகவும் இருக்கட்டும், இந்தக் குழந்தைக்குப் பேசக் கற்றுக்கொடுக்க முடியும், உடுத்தக் கற்றுக்கொடுக்க முடியும், தன் கையைத் தானே கடிப்பதை நிறுத்தவும் கற்றுக்கொடுக்க முடியும் என்று ஒரு மனிதர் செய்து காட்டினார். இருட்டில் நின்ற பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பதை இன்று உட்கார்ந்துகொண்டு குறை சொல்கிற நாம் மறக்கக் கூடாது.

குறையும் இருக்கிறது. 1965இல் லைஃப் பத்திரிகை அவருடைய பயிற்சிக் கூடத்தைப் படம்பிடித்துப் போட்டது. கத்தல், அறை, அணைப்பு எல்லாம் அதில் இருந்தன. தண்டனைக்கு மின் அதிர்ச்சியைப் பயன்படுத்திய சோதனைகளும் அந்தக் காலத்தில் நடந்தன. 1987 கட்டுரைக்கு வரும்போது அது உரத்த குரலில் ஒரு 'நோ', சில சமயம் தொடையில் ஓர் அடி என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. ஆனாலும் இருந்தது. கட்டுரையிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறையை இன்று நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் அடியைக் கைவிட்டுவிட்டார்கள். பழைய வெற்றிக் கணக்கை மட்டும் எடுத்துச் சொல்கிறவர்கள், அந்த வெற்றியில் அடியும் ஒரு பகுதியாக இருந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

லோவாஸின் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஆண்டு 1973. பயிற்சி முடித்த குழந்தைகள் பிறகு எப்படி இருக்கிறார்கள் என்று அவர் குழு தேடிப் போய்ப் பார்த்தது. விடுதிக்குத் திரும்பிய குழந்தைகள் கற்றதையெல்லாம் இழந்திருந்தார்கள். பெற்றோருக்கும் பயிற்சி கொடுத்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் கற்றதைத் தக்கவைத்திருந்தார்கள், சிலர் மேலும் முன்னேறியிருந்தார்கள். தன் முறையின் ஓட்டையைத் தானே அளந்து வெளியிட்ட நேர்மைக்கு அவரைப் பாராட்ட வேண்டும். 1987 ஆய்வின் மூன்று முக்கிய முடிவுகள் அங்கிருந்துதான் வந்தன: சிறு வயதிலேயே தொடங்கு, வீட்டில் நடத்து, பெற்றோரைச் சேர்த்துக்கொள். மான்செஸ்டர் குழு பின்னால் போய்ச் சேர்ந்த இடத்தின் வாசல் வரை லோவாஸ் 1973லேயே வந்துவிட்டார். உள்ளே நுழையவில்லை.

அவர் செய்தது இது. குழந்தைகள் எல்லாரும் நான்கு வயதுக்கு உட்பட்டவர்கள். பேச்சே இல்லாதவர்கள் என்றால் 40 மாதத்துக்குள், சொன்னதையே திருப்பிச் சொல்கிறவர்கள் என்றால் 46 மாதத்துக்குள். பல்கலைக்கழக மாணவர்கள் பயிற்சியாளர்களாக வீட்டுக்கு வந்தார்கள். ஒரு திறமையைச் சிறுசிறு துண்டுகளாக உடைப்பார்கள். 'மூக்கைத் தொடு.' குழந்தை தொட்டால் ஒரு வாய் தின்பண்டம், ஒரு பாராட்டு. தொடாவிட்டால் கையைப் பிடித்துத் தொடவைப்பது, மறுபடி கேட்பது, குறித்துக்கொள்வது. முதல் ஆண்டு சொன்னதைக் கேட்பது, பார்த்துச் செய்வது, உடம்பை ஆட்டுவது போன்ற பழக்கங்களைக் குறைப்பது. இரண்டாம் ஆண்டு பேச்சும் மற்ற குழந்தைகளோடு விளையாட்டும். மூன்றாம் ஆண்டு உணர்ச்சிகளும் பள்ளிக்கான தயாரிப்பும். பெற்றோரும் இதே முறையைக் கற்று, பயிற்சியாளர் போன பிறகு தொடர வேண்டும். குழந்தை விழித்திருக்கும் நேரம் ஏறத்தாழ முழுவதும், ஆண்டின் 365 நாளும் பயிற்சி நடக்க முடியும் என்று கட்டுரை பெருமையோடு சொல்கிறது. இரண்டரை வயதுக் குழந்தையை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த வரியைப் படிக்க வேண்டும்.

பலன்: 9 பேர் முன்பு சொன்னபடி. 8 பேர் மொழித் தாமதம் உள்ளவர்களுக்கான வகுப்புக்குப் போனார்கள். 2 பேர் சிறப்பு வகுப்புக்கு. வாரம் 10 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ பயிற்சி பெற்ற குழந்தைகளையும், பயிற்சி பெறாத மற்றொரு குழுவையும் சேர்த்து ஒப்பீட்டுக்கு எடுத்த 40 பேரில் சாதாரண வகுப்பை எட்டியவர் ஒரே ஒருவர். செலவுக் கணக்கும் கொடுத்தார் லோவாஸ். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்கு ஒரு குழந்தைக்கு 40,000 டாலர். அதைச் செய்யாமல் வாழ்நாள் முழுக்க விடுதியில் வைத்தால் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். அமெரிக்க அரசியல்வாதிக்கும் நீதிபதிக்கும் புரிகிற மொழியில் எழுதப்பட்ட வாக்கியம் அது. 1993இல் வந்த தொடர் ஆய்வில், வளர்ந்த பிறகும் அந்த 9 பேரில் 8 பேர் அதே நிலையில் இருந்தார்கள்.

ஓட்டை எங்கே? எந்தக் குழந்தை எந்தக் குழுவில் சேர வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. பயிற்சியாளர் கிடைத்தால் 40 மணி நேரக் குழு, கிடைக்காவிட்டால் மற்றது. சேரும்போது இரு குழுவும் ஒன்றுபோல் இருந்தன என்று அவர்கள் காட்டினார்கள்தான். ஆனால் வாரம் 40 மணி நேரம் வீட்டைத் திறந்து வைக்க முடிந்த குடும்பமும் முடியாத குடும்பமும் வேறு எத்தனையோ வகையில் மாறுபடலாம். அளந்த அளவுகோல்களும் ஐ.க்யூ.வும் பள்ளிச் சேர்க்கையும் மட்டுமே. ஒரு குழந்தையைச் சாதாரண வகுப்பில் சேர்ப்பது குழந்தையின் திறமையை மட்டும் பொறுத்ததா? தலைமை ஆசிரியரோடு விடாமல் மல்லுக்கு நிற்கும் பெற்றோர் இருந்தால் அது நடக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா?

லோவாஸின் மாணவரான டிரிஸ்ட்ராம் ஸ்மித்தும் வேறு இருவரும் 2000ஆம் ஆண்டில் 28 குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து இதே முறையைச் சோதித்தார்கள். ஐ.க்யூ.வில் முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் 1987இல் சொன்ன அளவுக்கு இல்லை. உடுத்துவது, உண்பது, பிறரோடு பழகுவது போன்ற அன்றாட நடத்தையில் இரு குழுவுக்கும் வேறுபாடு தென்படவில்லை. இந்த வகைத் தீவிரப் பயிற்சி பற்றிய ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2018 அறிக்கைக்குத் தேறியவை ஐந்து ஆய்வுகள், 219 குழந்தைகள். அந்த ஐந்தில் சீட்டுக் குலுக்கிப் பிரித்தது ஒன்றே ஒன்று. பயன் இருக்கக்கூடும், ஆனால் சான்று பலவீனமானது என்று அறிக்கை முடித்தது.

ஆனால் 1993இலேயே கேத்தரின் மோரிஸ் என்ற தாய் தன் பிள்ளைகள் இந்த முறையில் மீண்டதாக எழுதிய புத்தகம் அமெரிக்கப் பெற்றோரிடையே பரவிவிட்டது. வழக்குகள் நடந்தன. காப்பீட்டுச் சட்டங்கள் வந்தன. 2019க்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களும் ஆட்டிசப் பயிற்சிக்குக் காப்பீடு தர வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டன. 19 குழந்தைகளின் மேல் ஒரு தொழிலே எழுந்து நின்றது. கனடாவில் இதே பயிற்சிக்கு அரசு பணம் தர வேண்டும் என்ற வழக்கு 2004இல் உச்ச நீதிமன்றம் வரை போனபோது, ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான மிஷெல் டாசன் எதிர்த்து நின்றார். இந்தப் பயிற்சியின் அறமும் அறிவியலும் கேள்விக்கு உட்படுத்தப்படவில்லை என்பது அவர் வாதம். பெற்றோர் அந்த வழக்கில் தோற்றார்கள்.

இனி மான்செஸ்டர். பேச்சுப் பயிற்சியாளர் கேத்தரின் ஆல்ட்ரெட், கிரீன், இன்னொருவர் மூவரும் 2004இல் 28 குழந்தைகளை வைத்து ஒரு சிறு சோதனை செய்தார்கள். நல்ல பலன் தெரிந்தது. அங்கேயே நின்று ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கியிருக்கலாம். அவர்கள் மான்செஸ்டர், லண்டன், நியூகாசில் மூன்று ஊர்களில் 152 குழந்தைகளோடு பெரிய சோதனைக்குப் போனார்கள். 'பேக்ட்' என்று அழைக்கப்படுவது இதுதான்.

அமர்வு இப்படி நடக்கும். அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு சில நிமிடம் விளையாடுகிறார். கேமரா ஓடுகிறது. பிறகு சிகிச்சையாளரும் அம்மாவும் சேர்ந்து அந்த வீடியோவைப் பார்க்கிறார்கள். குழந்தை பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். 'இது என்ன? கார்! கார் சொல்லு! இங்க பாரு, இது என்ன கலர்?' என்று அம்மா கேட்டுக்கொண்டே போகிறார். குழந்தை திரும்பவில்லை. ஓரிடத்தில் அம்மா சற்று ஓய்ந்து, அவன் சுற்றும் சக்கரத்தையே தானும் பார்த்து, 'சுத்துது' என்கிறார். குழந்தையின் கண் அரை நொடி அம்மா பக்கம் வந்து போகிறது. விளையாடும்போது அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. வீடியோவில் நிறுத்திப் பார்க்கும்போது தெரிகிறது. சிகிச்சையாளர் கேட்பது ஒன்றுதான்: இங்கே என்ன நடந்தது? பதிலை அம்மாவே கண்டுபிடிக்கிறார். (இந்தக் காட்சி நான் விளக்கத்துக்காக அமைத்தது, முறை அவர்களுடையது.) குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசு, கேள்வியைக் குறை, காத்திரு, அவன் அனுப்பும் சின்ன சைகைக்கும் பதில் கொடு. ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஓர் அமர்வு, அடுத்த ஆறு மாதம் மாதம் ஒருமுறை.

சோதனையின் கட்டுமானம் லோவாஸுடையதற்கு நேர் எதிர். சீட்டுக் குலுக்கி 77 குழந்தைகள் ஒரு பக்கம், 75 மறுபக்கம். கடைசியில் குழந்தையைச் சோதித்தவருக்கு அது எந்தக் குழு என்று தெரியாது. அவர் குழந்தைக்குப் புதிய முகம், அறையும் புதிது. முதன்மை அளவு அம்மாவிடம் கேட்டு எழுதுகிற மதிப்பெண்ணும் இல்லை. இத்தனை கடினமான தேர்வைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டால் மதிப்பெண் குறையத்தான் செய்யும். குறைந்தது. பெற்றோர் குழந்தையோடு இசைந்து பேசுவதில் மிகப் பெரிய மாற்றம். குழந்தை தானாக அம்மாவிடம் எதையாவது காட்டுவது, கேட்பது ஆகியவற்றில் நடுத்தர மாற்றம். புதியவர் எடுத்த ஆட்டிச மதிப்பெண்ணில் தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுக்குச் சிறிய மாற்றம். அம்மாவிடம் கற்றது அடுத்தவரிடம் போகும்போது கரைந்துவிட்டது. முதன்மைக் கேள்விக்கு விடை 'இல்லை' என்று அவர்கள் எழுதினார்கள்.

கதை அங்கே முடியவில்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டு கழித்து அதே குழந்தைகளில் 121 பேரைத் தேடிப் பிடித்தார்கள். பத்து வயதைத் தாண்டியிருந்தார்கள். 2016இல் லான்செட்டில் வந்த முடிவு: பயிற்சி பெற்ற குழுவில் கடுமையான அறிகுறி உள்ளவர்கள் தொடக்கத்தில் நூற்றுக்கு 55 பேர், இப்போது 46. பயிற்சி பெறாத குழுவில் 50 பேராக இருந்தது 63 ஆகியிருந்தது. பயிற்சி நின்று ஐந்தாறு ஆண்டான பிறகும் வேறுபாடு இருக்கிறது, அன்று தெரியாத வேறுபாடு இன்று தெரிகிறது. ஒருவரும் 'குணமாகவில்லை'. பேச்சுத் திறனிலும் பதற்றத்திலும் இரு குழுவும் ஒன்றுபோலவே இருந்தன. என் ஊகம் எளிமையானது. பயிற்சியாளர் போய்விடுவார், அம்மா வீட்டிலேயே இருக்கிறார்.

இங்கே கொடி பிடித்துக் கொண்டாடவும் முடியாது. இதே முறையைப் பள்ளிக்கும் நீட்டிச் சுமார் 250 குழந்தைகளோடு நடத்திய அடுத்த சோதனை 2022இல் வந்தது. அறிகுறிகளில் மறுபடியும் வேறுபாடு இல்லை. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

இரண்டு ஆய்வும் பெற்றோரைச் சேர்த்துக்கொண்டன. எப்படிச் சேர்த்துக்கொண்டன என்பதில்தான் பிரிகின்றன. லோவாஸுக்குப் பெற்றோர் கூடுதல் பயிற்சியாளர். மாற வேண்டியது குழந்தை. என்ன கற்க வேண்டும் என்று பெரியவர் தீர்மானிக்கிறார், குழந்தை பதில் சொல்கிறது. பேக்ட் முறையில் முதலில் மாற வேண்டியது பெரியவர். எதைப் பற்றிப் பேசுவது என்று குழந்தை தீர்மானிக்கிறது, பெரியவர் பதில் சொல்கிறார். யார் முதலில் பேசுகிறார், யார் பதில் சொல்கிறார் என்பதைத் திருப்பிப் போட்டதே இந்த ஆய்வின் சாதனை என்பேன். குழந்தை தானாகத் தொடங்குகிற தொடர்பு பெருகியதற்குப் பெரும்பகுதி காரணம் பெற்றோரின் இசைவுதான் என்று பின்னர் செய்த புள்ளியியல் ஆராய்ச்சியும் காட்டியது. லோவாஸின் கட்டுரையில் இப்படி ஒரு கேள்வியே இல்லை. 9 பேருக்கு ஏன் பலித்தது, 10 பேருக்கு ஏன் பலிக்கவில்லை என்று அதைப் படித்தவருக்குத் தெரியாது.

பெற்றோரை மாற்று என்றதும் ஒரு பழைய பேய் எழுந்து வரும். பெட்டல்ஹைமின் பேய். நம் வீடுகளில் அதற்கு வேறு குரல். 'நீ செல்போனைக் கையில குடுத்தே, அதான் பிள்ளை பேசல' என்று மாமியார். 'வேலைக்குப் போறேன்னு பிள்ளையைக் கவனிக்காம விட்டுட்டே' என்று நாத்தனார். அப்பாவை யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த நேரத்தில் சிகிச்சையாளரும், 'அம்மா, நீங்கதான் மாறணும்' என்றால் அந்தப் பெண் என்ன நினைப்பார்? பேக்ட் முறையின் அடிப்படை வேறு. இந்தக் குழந்தைகள் அனுப்பும் சைகை மங்கலானது, அரிதானது. சாதாரணமான நல்ல தாய்க்கும் அது கண்ணில் படாது. எனவே சாதாரணத்துக்கு மேலான ஒரு கவனிப்பைக் கற்றுத் தர வேண்டும். இவர் தவறு செய்தார் என்பதற்கும் இவருக்குக் கடினமான வேலை வாய்த்திருக்கிறது என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தைச் சிகிச்சையாளர் முதல் நாளே, மாமியாரும் கேட்கும்படி, சொல்லிவிட வேண்டும்.

இலக்கிலும் வேறுபாடு பெரிது. மற்ற குழந்தைகளிடமிருந்து பிரித்தறிய முடியாதபடி ஆக்குவது லோவாஸின் உச்ச வெற்றி. கையை உதறுவதும் உடம்பை ஆட்டுவதும் முதல் ஆண்டிலேயே களைய வேண்டியவை. ஆட்டிசம் உள்ள பலர் வளர்ந்து பேசத் தொடங்கியபோது, அந்த அசைவு எங்களுக்கு அமைதி தருவது, அதைப் பிடுங்கியது எங்களுக்கு வலித்தது என்றார்கள். அந்த வலியை இந்த இரண்டு ஆய்வும் அளக்கவில்லை. ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்கான பயிற்சிகள் பற்றிய 150 ஆய்வுகளை ஒரு குழு 2021இல் புரட்டிப் பார்த்தது. பயிற்சியால் கேடு ஏதும் நேர்ந்ததா என்ற பேச்சையே 139 ஆய்வுகள் எடுக்கவில்லை. ஒரு மாத்திரையை இப்படிச் சோதித்தால் விற்க விடுவார்களா? பேக்ட் முறையும் ஆட்டிச மதிப்பெண் குறைவதையே முதன்மை அளவாக எடுத்தது, அதனால் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து அதுவும் முழுதாகத் தப்பவில்லை. ஆனால் குழந்தை தன் வழியில் தொடர்பு கொள்வதை அது வெற்றியாக எண்ணியது. பேச்சு வராவிட்டாலும் ஒரு பார்வை, ஒரு நீட்டிய கை கணக்கில் சேர்ந்தது.

அந்த 40 மணி நேரக் கணக்குக்கு 2024இல் ஒரு பதில் கிடைத்தது. 144 ஆய்வுகள், 9,000க்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சி நேரம் கூடக் கூடப் பலனும் கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

நமக்கு நேரடியாக வேண்டிய பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது. மான்செஸ்டரில் பேக்ட் நடத்தியவர்கள் தேர்ந்த பேச்சுப் பயிற்சியாளர்கள். இந்தியாவில் அப்படிப்பட்டவர்களைப் பெருநகரத்துக்கு வெளியே தேட வேண்டும். கோவாவில் 1996 முதல் இயங்கும் சங்காத் என்ற தொண்டு நிறுவனமும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் உள்ள ஒரு குழுவும் சேர்ந்து, இந்த முறையைத் தெற்காசியாவுக்கு ஏற்ப மாற்றின. நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, ஆறு மாதத்தில் 12 அமர்வுகள் நடத்தினார்கள். 2 முதல் 9 வயது வரையிலான 65 குழந்தைகள். கௌரி திவான், அத்திஃப் ரஹ்மான் ஆகியோரின் குழு வெளியிட்ட முடிவில், பெற்றோரின் இசைவு கூடியது, குழந்தை தானாகத் தொடங்குவதும் கூடியது. இருவரும் ஒரே பொருளில் ஒன்றாகக் கவனம் செலுத்தும் நேரம் மட்டும் எதிர்பார்ப்புக்கு மாறாகக் குறைந்திருந்தது. சிறிய சோதனைதான், தொடர் ஆய்வு தேவை. ஆனாலும் எல்லையின் இரு பக்கத்திலும், நிபுணர் அல்லாத பணியாளரின் கையில், மான்செஸ்டர் சோதனையின் முக்கியப் பலன்கள் மீண்டும் தெரிந்தன. வாரம் 40 மணி நேர முறையை இந்தப் பணியாளர்களை வைத்து இந்தச் செலவில் நடத்த முடியாது.

ஒரு வகைக் குழந்தைகளை இரண்டு ஆய்வுமே வெளியே நிறுத்தின. வளர்ச்சி மிகவும் பின்தங்கியிருந்த குழந்தைகள் இரண்டிலும் சேர்க்கப்படவில்லை. லோவாஸ் அதற்கு ஒரு குறைந்தபட்ச மன வயது வைத்திருந்தார். பேக்டிலும் 12 மாத வளர்ச்சியைத் தாண்டாதவர்களும், வலிப்புக்கு மருந்து எடுப்பவர்களும் இல்லை. அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கும் பல குழந்தைகள் இப்படிப்பட்டவர்கள்தான். அவர்களுடைய பெற்றோரிடம் இந்த 47ஐயும் 46ஐயும் காட்டி ஆசை ஊட்டுவது நியாயமில்லை.

நம் நாட்டில் ஐந்து இடங்களில் 2 முதல் 9 வயது வரை உள்ள ஏறத்தாழ 4,000 குழந்தைகளைப் பரிசோதித்து 2018இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று காட்டியது. அந்த ஐந்தில் தமிழ்நாடு இல்லை. ஆனாலும் இங்கே அந்த எண்ணிக்கை பெரிதாக மாறக் காரணமில்லை. நடப்பது என்ன? 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று பாட்டி சொல்ல ஓராண்டு போகும். ஆட்டிசம் என்று பெயர் தெரிந்த பிறகு ஓட்டம். ஸ்பீச் ஒரு சென்டர், ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) இன்னொரு சென்டர், கதவுக்கு வெளியே பெஞ்சில் அம்மா. 45 நிமிடம் கழித்துக் கதவு திறக்கும், 'நல்லா கோ-ஆப்பரேட் பண்ணினான்' என்று ஒரு வரி கிடைக்கும். உள்ளே என்ன நடந்தது, வீட்டில் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. எல்லாச் சென்டரும் இப்படி இல்லை, பெற்றோரை உள்ளே உட்காரவைக்கிற நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மணிக்கணக்கில் விற்கப்படும் பொருளில் மணி நேரம் கூடுவதே விற்பவருக்கு லாபம் என்பதை மறுக்க முடியாது.

பெற்றோருக்கு நான் சொல்லக்கூடியது: 40 மணி நேரம் வாங்க முடியவில்லையே என்று நகையை அடகு வைக்காதீர்கள், குற்ற உணர்வும் வேண்டாம். எந்தத் தெரபியில் சேர்த்தாலும், கதவுக்கு உள்ளே உங்களை அனுமதிக்கிறார்களா, வீட்டில் செய்யக் கற்றுத் தருகிறார்களா, குழந்தை அழுதால் என்ன செய்வார்கள் என்ற மூன்றையும் முதலிலேயே கேளுங்கள். வேலை முழுவதும் அம்மா தலையில் விழாதபடி அப்பாவும் கேமரா முன் உட்கார வேண்டும்.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்டந்தோறும் குழந்தைகளுக்கான ஆரம்பகால இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. கோவாவில் 65 குழந்தைகள் கொண்ட சோதனையில் ஒரு பங்கை நடத்த ஒரு தொண்டு நிறுவனத்தால் முடிந்தது. இரண்டு மாவட்டங்களை எடுத்து, சீட்டுக் குலுக்கி, தமிழில், தமிழ் வீட்டு விளையாட்டுகளை வைத்து இந்த முறையைச் சோதியுங்கள். வந்த முடிவை, அது 'இல்லை' என்றாலும், கிரீன் செய்ததுபோல அப்படியே வெளியிடுங்கள்.